கையில் ஓர் அஞ்சலகம்

(இளங்கலைப் பொருளியல் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதியது)

குன்னூருக்குக் கீழே, மலை இரயில் பாதையில், ஹில்குரோவ் என்றொரு சிறு நிலையம் உண்டு. அங்கிருந்த அஞ்சலகத்தின் அஞ்சல்காரர் ஒருவர் 2020ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்றபோது நாடெங்கும் அவரைப் பற்றிப் பேசினார்கள். நாள்தோறும் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் காட்டு வழியே நடந்து, தோட்டத்துக் குடியிருப்புகளுக்கும் பழங்குடி மக்களுக்கும் கடிதமும் ஓய்வூதியப் பணமும் கொண்டு சேர்த்தவர் அவர். யானை துரத்தியதுண்டு; கரடியும் காட்டெருமையும் எதிர்ப்பட்டதுண்டு. கடிதம் மட்டும் சேராமல் நின்றதில்லை என்று செய்தித்தாள்களில் படித்தோம்.

அந்த அஞ்சல்காரரின் தோள்பை இன்று சுருங்கி நம் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. யானையும் இல்லை, கரடியும் இல்லை. ஆயினும், நமக்கு வரும் கடிதம் நம்மிடம் உரிய நேரத்தில் வந்து சேர்கின்றதா? இந்தக் கேள்வியைத்தான் என் சக மாணவ நண்பர்கள் முன்னும், பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகின்றேன்.

விடுதியில் யாரேனும் புதுக் கைப்பேசி வாங்கி வந்தால் முதலில் எழும் கேள்வி, "காமிரா எத்தனை?" என்பதுதான். இரண்டு என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். நான்கு என்றால் சூழ்ந்து கொள்வார்கள். அடுத்த கேள்வி விளையாட்டைப் பற்றியது. அதற்கடுத்தது நிறம். "இதில் மின்னஞ்சல் ஒழுங்காக வருமா?" என்று கேட்ட ஒரே ஆள் நான், அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் 'போஸ்ட் மாஸ்டர்'. பட்டமளிப்பு விழாவுக்கு முன்பே கிடைத்த பட்டம் என்பதால் மகிழ்ச்சியுடன் ஏற்றுக் கொண்டேன்.

நகைப்புக்குரிய கேள்விதானா அது? சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கின்றேன்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாயின் மகள், கோயம்புத்தூரில் ஓரிடத்திற்கு வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு ஒரு வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு மின்னஞ்சலில் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் 'வருகிறேன்' என்று பதில் அனுப்ப வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. அவள் அந்த மடலைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். இடையில் ஏறக்குறைய மூன்று நாளும் கைப்பேசி அவள் கையிலேதான் இருந்தது. படம் எடுத்தாள், பாட்டுக் கேட்டாள், அம்மாவுடன் பேசினாள். மின்கலத்தைச் சேமிக்கின்றேன் பேர்வழி என்று அந்தக் கைப்பேசி அஞ்சல் செயலியை உறங்க வைத்துவிட்டது. அவளாகத் திறந்தபோதுதான் அது விழித்தது. அந்தப் பேசியில் காமிரா மூன்று. பின்பக்கத்தில் 108 மெகாபிக்சல் என்று பெருமையோடு அச்சிட்டிருந்தது.

அவள் மீதும் தவறு உண்டு. நாளுக்கொரு முறை தானே திறந்து பார்த்திருக்கலாம். அவளே அதை ஒப்புக்கொள்கின்றாள். ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் அவள் அமர்ந்திருந்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. விரிவுரையின் நடுவே ஐந்து நிமிடத்திற்கொரு முறை கைப்பேசியைத் திறந்து, மடல் வந்திருக்கின்றதா என்று பார்த்துக் கொண்டேயிருந்தாள்.

"இக்காலத்தில் மின்னஞ்சல் யாருக்கு வேண்டும்? வாட்ஸாப் இருக்கின்றதே!" என்பார் உளர். அரட்டைக்கு அது போதும், மறுக்கவில்லை. ஆனால் பல்கலைக்கழகமும், தேர்வாணையமும், உதவித்தொகை வழங்குவோரும், வேலை தருவோரும் நம்மிடம் முதலில் கேட்பது மின்னஞ்சல் முகவரியைத்தான். காரணம் இருக்கின்றது. கைப்பேசி எண் கைமாறும். கட்டணம் செலுத்தாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். மின்னஞ்சல் முகவரி அப்படியன்று. கைப்பேசி பைக்காரா ஆற்றில் விழுந்தாலும், கல்லூரிக் கணிப்பொறியில் கடவுச்சொல்லைத் தட்டினால் நம் கடிதங்கள் அப்படியே இருக்கும். இன்னுமொன்று: இந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்து அந்த நிறுவனத்தின் முகவரிக்குத் தடையின்றி எழுதலாம். வாட்ஸாப்பில் எழுத எதிரில் இருப்பவரும் வாட்ஸாப்பில் இருந்தாக வேண்டும். ஊட்டி அஞ்சலகத்தில் போட்ட கடிதம் ஊட்டி அஞ்சலகத்துக்காரருக்கு மட்டும்தான் போகும் என்றால் அஃதென்ன அஞ்சல்?

மின்னஞ்சலுக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. 1971இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்கு வலையமைப்பு வழியே மடல் அனுப்பிக் காட்டினார். ஆளின் பெயருக்கும் பொறியின் பெயருக்கும் நடுவில் சுழியிட்ட 'அட்' குறியை வைத்தவரும் அவரே. தமிழ்க் குடும்பத்தில் மும்பையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த சிவா அய்யாதுரை, 1978இல் தம் பதினான்காம் வயதில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக 'இமெயில்' என்னும் பெயரில் நிரல் எழுதி, 1982இல் அதற்குப் பதிப்புரிமையும் பெற்றார். அவரே மின்னஞ்சலைக் கண்டுபிடித்தார் என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதுண்டு. வரலாற்றாசிரியர்கள் அதை ஏற்பதில்லை. பதினான்கு வயதில் அப்படியொரு நிரலை எழுதியதே போற்றத்தக்கதுதான். அதற்கு மேல் நாம் சேர்க்க வேண்டியதில்லை.

நம் பொருளுக்கு நெருங்கிய கதை வேறொன்று. கனடா நாட்டு வாட்டர்லூ நகரிலிருந்து 1999இல் பிளாக்பெரி 850 என்ற சிறு கருவி வந்தது. அதில் பேச முடியாது. படம் எடுக்க முடியாது. மடல் வந்தால் உடனே சொல்லும். கட்டை விரல்களால் தட்டிப் பதில் அனுப்பலாம். சிறிய டார்ச் விளக்கில் போடும் பேட்டரிக்கட்டை ஒன்று போதும், பல நாள் ஓடும். மின்னஞ்சலுக்காகவே பிறந்த கருவி என்றால் அதுதான். பின்னாளில் அது தொலைபேசியாகவும் வளர்ந்தது. 2009இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஒபாமா அதைக் கைவிட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். 2010இல் அதன் மறைகுறி மடல்களைப் பாதுகாப்புத் துறையினர் படிக்க வழி செய்யாவிட்டால் சேவையை நிறுத்துவோம் என்று நம் இந்திய அரசே கெடு விதித்தது. அவ்வளவு செல்வாக்கோடு இருந்த கருவி! 2022ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் நிறுவனம் பழைய பிளாக்பெரிகளுக்கான சேவையை நிறுத்தியது. அதற்குப் பின் அவற்றில் பேசுவதற்குக்கூட உறுதியில்லை. நல்ல விசைப்பலகையும் நல்ல மின்கலமும் இருந்து என்ன பயன்? பின்னால் இருந்து தாங்குவோர் கையை எடுத்துவிட்டால் கருவி வெறும் கட்டைதான்.

ஆகவே கடைக்குப் போனால் நான் முதலில் கேட்பது, "இதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு வரும்?" என்பதை. கடைக்காரர் விழிப்பார். கேட்டே ஆக வேண்டும். இந்தக் கருவியில்தான் நம் மதிப்பெண் பட்டியலும், ஆதார் நகலும், வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் வந்து இறங்குகின்றன. ஓராண்டில் கைவிடப்படும் புதுப் பேசியைவிட, இன்னும் மூன்றாண்டு புதுப்பிப்பு மிச்சமுள்ள பழைய பேசி மேல் என்பது என் கருத்து. பழைய பொருள் வாங்குவதை இழிவாக நினைப்பவர்கள் தங்கள் தந்தையாரின் சம்பளச் சீட்டை ஒருமுறை பார்ப்பது நலம்.

இனி அந்த உறக்க நோய். 2015இல் ஆண்ட்ராய்டு ஆறாம் பதிப்பில், பேசி சும்மா கிடக்கும்போது செயலிகளைத் துயில வைக்கும் ஏற்பாடு வந்தது. அது நல்ல ஏற்பாடே. உடனடி அறிவிப்புகளுக்கு அதில் வழியும் விட்டிருந்தார்கள். ஆனால் 'எங்கள் பேசி இரண்டு நாள் நிற்கும்' என்று விளம்பரம் செய்ய விரும்பிய சில தயாரிப்பாளர்கள், அதற்கு மேலும் கடுமையான பூட்டுகளைத் தாமே போட்டார்கள். சில பேசிகளில் நாம் அடிக்கடி திறக்காத செயலி முற்றிலும் அடங்கிவிடும். திரைப்படச் செயலியை நாள்தோறும் திறப்போம். அஞ்சலை வாரம் ஒருமுறை திறப்போம். பேசி எதை உறங்க வைக்கும்? அமைப்புகளுக்குள் போய், பேட்டரி என்ற பகுதியில், அஞ்சல் செயலிக்கு மட்டும் 'கட்டுப்பாடில்லை' என்று மாற்றி வைக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. என் தோழிக்கு அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லித் தர யாரும் இருக்கவில்லை; எனக்கும் அப்போது தெரியாது.

காமிராவைப் பற்றிக் கேலி செய்தேன் அல்லவா? அதில் கேலி அல்லாத செய்தியும் ஒன்று உண்டு. நம்மில் பலர் வைத்திருப்பது ஜிமெயில். அது 2004இல் தொடங்கியபோது ஒரு ஜிகாபைட் இடம் தந்தது, உலகமே வியந்தது. இன்று 15 ஜிகாபைட். ஆனால் 2021 சூன் முதல் நாம் கூகுளில் சேமிக்கும் படங்களும் அதே 15இல்தான் அடங்க வேண்டும். தொட்டபெட்டாவில் எடுத்த பனிமூட்டப் படங்கள் முந்நூறு, தாவரவியல் பூங்கா மலர்க் கண்காட்சியில் நானூறு, உறவினர் திருமண ஒளிப்படங்கள் என்று தாமாகவே மேலேறிப் பெட்டி நிரம்பிவிட்டால், வரும் மடலுக்கு இடமில்லாமல் போகும். அனுப்பியவருக்கே அது திரும்பிவிடும். நல்ல காமிரா அஞ்சற்பெட்டியைத் தின்றுவிடும் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதவர்கள் இன்றிரவு தங்கள் பெட்டியில் மீதி எவ்வளவு என்று பாருங்கள்.

நம் மலைக்கென்று சில தனித் தொல்லைகள் உள்ளன. சென்னையில் இருந்து எழுதுவோர் கைப்பேசியைப் பற்றிச் சொல்லும் அறிவுரைகள் இங்கே பாதிதான் செல்லும்.

நான் விடுதி மாணவி. வீடு கூடலூர் வட்டத்தில், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பில். சனிக்கிழமை பேருந்தில் பைக்காரா, நடுவட்டம் வழியாக இறங்குவேன். ஞாயிறு மாலை திரும்பி ஏறுவேன். வளைவுக்கு வளைவு சிக்னல் வரும், போகும். மலை மறித்தால் அலை வராது. அதிலும் உயர்ந்த அலைவரிசை சட்டென நின்றுவிடும். 700, 850, 900 மெகாஹெர்ட்சு போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சற்று வளைந்து பள்ளத்திற்குள்ளும் எட்டிப் பார்க்கும். ஆகவே பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் அலைவரிசைப் பட்டியலைப் படிக்க வேண்டும். நம் ஊரில் எந்த நிறுவனத்தின் டவர் உண்டோ அதன் தாழ்ந்த அலைவரிசை அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். 5ஜி 2022 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்தது, நல்லது. ஆனால் நாலு வரி மடலுக்கு 4ஜி தாராளம். இல்லாத 5ஜியைத் தேடித் தேடியே பேசி களைத்துப் போவதை நான் கண்டிருக்கின்றேன். சிக்னல் மெலிந்த இடத்தில் பேசி தன் குரலை உயர்த்திக் கூவ வேண்டியிருக்கின்றது. மின்கலம் விரைவில் தீர்வதன் மருமம் அதுவே.

போதாக்குறைக்குக் குளிர். மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும்போது, லித்தியம் மின்கலம் தன் முழு ஆற்றலைத் தராது. இரவு அறுபது விழுக்காடு காட்டிய பேசி காலையில் வெளியே எடுத்ததும் சட்டென்று இறங்கும். போர்வைக்குள் வைத்துக் கொண்டால் சரியாகும். ஆதலால் பெரிய மின்கலம் நமக்கு ஆடம்பரமன்று. மழையோ, சொல்லவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரமும் போகும், டவரும் போகும். எந்தப் பேசியும் உதவாது. சாதாரணச் சாரலுக்கு ஓரளவேனும் நீர் தாங்கும் பேசியாக இருந்தால் நன்று. ஈர விரலுக்குத் தொடுதிரை பணியாது என்பதைக் கொழுந்துக் காட்டில் நின்று பேச முயன்ற யாரும் சொல்வார்கள்.

சிக்னல் இல்லாத இடத்திற்கும் மின்னஞ்சலே ஏற்றது என்பது பலர் எண்ணிப் பாராத உண்மை. மடல் நம் கருவியில் மட்டும் தங்குவதில்லை. ஐமேப் என்ற முறையில் மூலப்படி தொலைவிலுள்ள வழங்கிக் கணிப்பொறியில் இருக்கும். நம் பேசியில் ஒரு படி இருக்கும். அண்மை நாட்களின் மடல்களை அலையே இல்லாமலும் படிக்கலாம். பதில் எழுதி 'அனுப்பு' என்று தட்டிவிட்டால், அது புறப்படு பெட்டியில் காத்திருந்து, அலை கிடைத்த கணத்தில் தானே கிளம்பும். இணைப்புகள் மட்டும் முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால் காட்டில் திறக்காது. பேருந்து ஏறுமுன் செய்து கொள்ள வேண்டிய வேலை அது.

தமிழில் எழுதுவது பற்றியும் ஒரு சொல். மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 2005இல் 'செல்லினம்' வாயிலாகக் கைப்பேசியில் தமிழ் எழுத வழி செய்தார். அன்று அது அரிது. இன்று ஏறக்குறைய எல்லாப் பேசியிலும் தமிழ்விசை உள்ளடங்கியே வருகின்றது. இருந்தும் நாம் "வனக்கம் சார்" என்று ஆங்கில எழுத்தில் தட்டுகின்றோம். கடையிலேயே திரையில் ஒரு பத்தி தமிழ் தட்டிப் பார்த்து, விசைகள் விரலுக்கு இடம் தருகின்றனவா, எழுத்துக் கண்ணுக்குத் தெரிகின்றதா என்று பார்த்து வாங்குங்கள். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மின்னஞ்சல் வசதியும் அயல்நாட்டார் மட்டும் தருவதன்று. சென்னையில் தலைமையகமும் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகமும் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2008 முதல் வழங்கி வருகின்றது.

"எந்நேரமும் அஞ்சலைச் சுமந்து திரிவது அடிமைத்தனம் அல்லவா?" என்று என் பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரான்சு நாட்டில் 2017 சனவரி முதல், பணி நேரத்திற்குப் பின் மடலுக்குப் பதிலளிக்காமல் இருக்கும் உரிமையைச் சட்டத்திலேயே சேர்த்திருக்கின்றார்கள். வேலையில் இருப்பவனுக்கு அந்தச் சட்டம் வேண்டும். நானும் கை தூக்குவேன். ஆனால் வேலை தேடுபவனின் நிலை வேறு. அவனுக்கு வரும் மடல்கள் மாதத்திற்கு இரண்டோ மூன்றோ. அவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் இன்னோர் ஆண்டு காத்திருக்க வேண்டும். நகரத்து மாணவனுக்குத் தெருமுனையில் கணினி மையம் உண்டு, வீட்டில் மடிக்கணினி உண்டு, தகவல் சொல்ல நான்கு பேர் உண்டு. எங்கள் குடியிருப்பில் என் கைப்பேசிதான் அஞ்சலகம். அதைச் சுமப்பது எனக்குச் சுமையாகத் தோன்றவில்லை. வேண்டாத விளம்பர மடல்களின் ஓசையை அடக்கிவிட்டு, வேண்டிய நான்கைந்து முகவரிகளுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைத்துக் கொள்ளவும் வழியிருக்கின்றது. பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அன்றிரவு பத்து மணிக்கு அவரிடமிருந்து ஒப்படைப்புப் பணி பற்றி ஒரு மடல் வந்தது என்பதையும் பணிவுடன் பதிவு செய்கின்றேன்.

சென்ற தீபாவளி போனசில் அப்பா எனக்கென ரூ.12,000 எடுத்து வைத்தார். கமர்சியல் சாலைக் கடைகளில் இரண்டு சனிக்கிழமைகள் ஏறி இறங்கினேன். இறுதியில் வாங்கியது மங்கலான கருப்பு நிறத்தில், சற்றுக் கனமான, யாரும் சூழ்ந்து நின்று பார்க்காத ஒரு பேசி. காமிரா சுமார். மின்கலம் பெரிது. புதுப்பிப்பு நான்காண்டுக்கு வாக்களித்திருக்கின்றார்கள்.

வீட்டில் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்த அப்பா, "ஏம்மா, இதுல கடுதாசி வருமா?" என்று கேட்டார். எங்கள் குடும்பம் 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பியது. தாயகம் திரும்பியோருக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில்தான் தாத்தாவுக்கு வேலை கிடைத்தது. தாத்தாவின் தம்பி குடும்பம் அட்டன் பக்கத்தில் தங்கிவிட்டது. நீல நிற வான்கடிதம் ஒன்று வந்தால் வீடு முழுவதும் அதைச் சுற்றி உட்காரும் என்று பாட்டி சொல்வார். பிறகு அதுவும் நின்று போயிற்று.

"வரும்ப்பா" என்றேன். அட்டனில் சித்தப்பா முறையாகும் ஒருவரின் மகன் படிக்கிறான் என்று கேள்விப்பட்டு, முகவரி விசாரித்து வைத்திருந்தேன். பாட்டி சொல்லச் சொல்லத் தமிழில் தட்டினேன். இருபது வரி வந்தது. அதில் பதினைந்து வரி யார் யார் இறந்தார்கள் என்ற செய்தி. குடியிருப்பில் அன்று அலை இல்லை. மறுநாள் பேருந்து நடுவட்டம் தாண்டி ஒரு வளைவில் திரும்பியபோது பேசி ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். பாட்டியின் கடிதம் புறப்பட்டிருந்தது.